ஜன்னலோர இருக்கை யாருக்கு?



எங்கள் உறவினர் வட்டத்தில் கணினியில் அமர்ந்து விமான டிக்கெட் எடுக்கத் தெரிந்தவன் என்று எப்படியோ எனக்குப் பெயர் வந்துவிட்டது. உம்ராவுக்குப் போகிறவர்கள், வளைகுடாவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகும் தாய், மகளின் பேறுகாலத்துக்குப் போகும் மாமியார் என்று மாதத்துக்கு ஒருவரேனும் கடவுச்சீட்டு நகலோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பெயர், பிறந்த தேதி எல்லாம் சரிபார்த்து முடித்தபின் திரையில் இருக்கைகளின் படம் விரியும். எந்த இருக்கை வேண்டும் என்று கேட்பேன். ஏறத்தாழ எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: எதுவானாலும் சரி, தனியாகக் காசு கேட்காத இருக்கையாகப் போடுங்கள். ஜன்னலோரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அது பிள்ளைகளுக்கு. பெரியவர்களுக்கு, குறிப்பாக வயதான பெண்களுக்கு, நடைபாதையோரம். கழிவறைக்குப் போக வசதி. முழங்கால் வலித்தால் காலை நீட்டிக்கொள்ள வசதி.

இந்த ஏற்பாடு தவறு என்பது என் கருத்து. உலகத்தில் எவ்வளவோ பெரிய தவறுகள் இருக்க இதைப் போய் எழுதுவதா என்று தோன்றலாம். சிறிய தவறுதான். ஆனால் திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்புக் கிடைக்காமல் போகக்கூடிய தவறு. எனக்கு அப்படித்தான் போயிற்று.

2018 நவம்பரில் உம்மாவை உம்ராவுக்கு அழைத்துச் சென்றோம். உம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். திருச்சியிலிருந்து பிற்பகலில் புறப்பட்டு, வளைகுடாவில் ஓர் ஊரில் இறங்கி, அங்கிருந்து ஜித்தாவுக்கு மாறும் பயணம். உம்மாவுக்கு அது முதல் விமானப் பயணம். வாப்பா 26 ஆண்டுகள் வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போவார்கள். உம்மா வழியனுப்பத் திருச்சி வரைகூடப் போனதில்லை. வீட்டு வாசலோடு சரி.

இருக்கைகளை நான்தான் போட்டேன். வலப்பக்கத்தில் மூன்று, அதற்குப் பின்வரிசையில் இரண்டு. ஜன்னலோரங்கள் இரண்டும் பிள்ளைகளுக்கு. உம்மாவுக்கு நடைபாதையோரம். நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு என்று எனக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது. விமானம் மேலேறிப் பத்து நிமிடத்தில் மூத்தவன் கைப்பேசியில் விளையாட ஆரம்பித்தான். இளையவள் தூங்கிப்போனாள். வெயில் முகத்தில் அடிக்கிறது என்று இடப்பக்க வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரையை இறக்கிவிட்டார்கள். உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு, முன்னால் இருந்த இருக்கையின் முதுகைப் பார்த்தபடி நான்கு மணி நேரம் அமர்ந்திருந்தார்கள். நடுவில் ஒரே ஒருமுறை, “மஃக்ரிப் ஆயிடுச்சா, தம்பி? பொழுது எந்தப் பக்கம் இருக்கு?” என்று கேட்டார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஊரில் பாங்கு சொல்லி நேரமாகிவிட்டது என்று சொன்னேன். அது தவறான பதில் என்பதை அப்போது அறியேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

உம்ரா நல்லபடியாக நிறைவேறியது, அல்ஹம்துலில்லாஹ். திரும்பி வந்து ஒரு மாதம் கழித்து, வந்தவர்களுக்குப் பேரீச்சம்பழம் பங்கிட்டுக்கொண்டிருக்கையில் உம்மா பேச்சுவாக்கில் சொன்னார்கள்: “எல்லாம் நல்லாத்தான் பாத்துக்கிட்டா. உங்க வாப்பா தாண்டித் தாண்டிப் போன கடல் எவ்வளவு அகலம்னு மட்டும் ஒரு தடவை பாக்கணும்னு இருந்துச்சு. பரவால்ல, அடுத்த தடவை பாத்துக்கலாம்.”

எங்கள் ஊர் தஞ்சைக் கடலோரத்தில் இருக்கிறது. உம்மா பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்தவர்கள்தாம். ஆனால் அது பாக் நீரிணை. வாப்பா கடந்த கடல் மேற்கே, மலைகளுக்கு அப்பால் இருக்கும் அரபிக்கடல். அந்த வேறுபாடு உம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தோன்றவில்லை. அடுத்த தடவை வாய்க்கவில்லை. 2021இல் உம்மா வஃபாத்தானார்கள்.

ஜன்னலோரத்துக்குத் தனிக் காசு கொடுப்பது வீண்விரயம், இஸ்ராஃப் ஆகாதா என்று என்னிடம் கேட்ட நல்ல மனிதர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. நம் மார்க்கம் விரயத்தைக் கடுமையாகவே கண்டிக்கிறது. ஆனால் நம் கணக்கு எப்படி ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும். அந்தப் பயணத்தில் ஜன்னலோரத்தை மாற்றிப் போட எனக்குச் சில நூறு ரூபாய் ஆகியிருக்கும். திரும்பி வரும்போது சுமை கூடிவிட்டது என்று அதைப்போல் பல மடங்கைக் கட்டினேன். எதற்கு? போர்வைகளும் வாசனைப் புட்டிகளும் ஊரிலேயே கிடைக்கும் மிட்டாய்களும். அதை யாரும் இஸ்ராஃப் என்று சொல்லவில்லை. சொந்தபந்தத்துக்குச் செய்யும் கடமை என்றே எடுத்துக்கொண்டோம். தாய்க்கு நான்கு மணி நேரம் வானத்தையும் கடலையும் காட்டுவது அந்தக் கடமைப் பட்டியலில் ஏன் இடம்பெறவில்லை?

வேறொரு நண்பர் இன்னும் ஆழமான மறுப்பைச் சொன்னார். இபாதத்துக்காகப் புறப்பட்டவனுக்குக் காட்சி எதற்கு, திக்ருடன் தலைகுனிந்து அமர்ந்திருப்பதே பேணுதல் என்றார். அவருடைய பேணுதலை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. ஒட்டகம், வானம், மலை, பூமி என்ற நான்கையும் எண்ணிப் பார்க்குமாறு மனிதனைக் கேட்கும் வசனங்கள் குர்ஆனின் 88ஆம் அத்தியாயமான அல்ஃகாஷியாவில் வரிசையாக இருக்கின்றன. ஒட்டகத்தை விட்டுவிட்டால், மற்ற மூன்றும் அந்தக் கண்ணாடிக்கு வெளியேதான் விரிந்து கிடக்கின்றன. ஸஹாபாக்கள் பயணத்தில் மேட்டில் ஏறும்போது தக்பீரும், தாழ்வில் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்லி வந்ததாக ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரீயில் இருக்கிறது. ஏறுவதையும் இறங்குவதையும் கண்ணால் கண்டவர்களின் திக்ர் அது. பத்தாயிரம் மீட்டர் ஏறி இறங்கும் நாம், ஏறியதே தெரியாமல் இறங்கிவிடுகிறோம்.

நம் முன்னோரின் ஹஜ் பயணத்தையும் நினைத்துப் பாருங்கள். மும்பையிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் கப்பல் 1995 வரை ஓடியது. அதில் போனவர்கள் நாள்கணக்கில் அந்தக் கடலைப் பார்த்தார்கள். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பார்த்தார்கள். யலம்லம் எல்லைக்கு நேராகக் கப்பல் வரும்போது இஹ்ராம் கட்டினார்கள். எவ்வளவு தூரம் கடந்து வந்திருக்கிறோம் என்பது அவர்களுடைய உடம்புக்கே தெரிந்திருந்தது. நாம் இழந்துவிட்ட அந்த உணர்வில் ஒரு துளியையாவது மீட்டுத் தருவது அந்தச் சிறிய ஜன்னல்தான்.

சரி, எந்த ஜன்னல்? இங்கேதான் கொஞ்சம் விவரம் தேவைப்படுகிறது. நம் ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குப் பறப்பவை பெரும்பாலும் ஒற்றை நடைபாதை கொண்ட ஏர்பஸ் 320 அல்லது போயிங் 737 வகை விமானங்கள். ஒரு வரிசைக்கு ஆறு இருக்கைகள். முன்னோக்கி அமர்ந்தால் இடக்கோடி ‘ஏ’, வலக்கோடி ‘எஃப்’. இந்த இரண்டு எழுத்துகளுக்கு இடையில்தான் முழுத் தேர்வும் இருக்கிறது.

திருச்சியிலிருந்து மேற்கு நோக்கி எழும்பும்போது காவிரியும் கொள்ளிடமும் அவற்றுக்கு நடுவே தீவுபோல ஸ்ரீரங்கமும் வலப்பக்கத்தில் தெரியும். ஆற்றில் நீர் ஓடும் காலமானால் அது மறக்க முடியாத காட்சி. சென்னையில் விமானம் கிழக்கே கடலை நோக்கி எழும்பும் நாள்களில், இடப்பக்கத்தில் நகரமும் மெரினாவும், வலப்பக்கத்தில் திருவான்மியூரிலிருந்து தெற்கே நீளும் கடற்கரையும் வரும். காற்றின் திசையைப் பார்த்து எதிர்ப்பக்கமாக எழும்பினால் இந்தக் கணக்கு மாறிவிடும். ஆகவே புறப்பாட்டை வைத்து மட்டும் இருக்கையை முடிவு செய்ய வேண்டாம்.

நம்மவர்களுக்கு முக்கியமானது சூரியன். தமிழகத்திலிருந்து வளைகுடாவுக்கு விமானம் வடமேற்காகப் போகிறது. சூரியன் மறைவதோ, எந்த மாதமானாலும், அந்தத் திசைக்குச் சற்றேனும் தெற்கே. ஆகவே மாலை விமானத்தில் மஃக்ரிப் எப்போதும் இடப்பக்கம், ‘ஏ’ பக்கம். கோடையில் மூக்குக்கு நேராக ஒட்டி இருக்கும்; குளிர்காலத்தில் நன்றாக இடப்புறம் விலகி இருக்கும். வேடிக்கை என்னவென்றால், திரும்பி வரும் இரவு விமானத்துக்கும் இதே ‘ஏ’ பக்கம்தான். அப்போது விமானம் தென்கிழக்காக வரும். விடியல் அதற்குச் சற்று வடக்கே, மறுபடியும் இடப்புறத்தில் வெளுக்கும். போகும்போது அஸ்தமனம், வரும்போது ஃபஜ்ர், இரண்டுக்கும் ஒரே எழுத்து. இதை நானாகக் கண்டுபிடிக்க எனக்கு ஏழெட்டுப் பயணங்கள் தேவைப்பட்டன.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், விமானத்தில் தொழுகை நேரத்தைக் கைக்கடிகாரம் சொல்லாது. நாம் சூரியனைத் துரத்திக்கொண்டு மேற்கே போகிறோம். நம் பகுதியில் பூமி மணிக்கு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. விமானம் அதில் பாதி வேகத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போகிறது. ஆகவே மாலைப் பொழுது நமக்கு ஏறத்தாழ இரு மடங்கு நீள்கிறது. போதாதற்கு உயரம் வேறு. பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் 370 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். கீழே தரையில் இருப்பவருக்குச் சூரியன் மறைந்து பத்து நிமிடத்துக்கு மேல் ஆன பின்னும் நமக்கு அது தெரிந்துகொண்டிருக்கும். துபாயின் புர்ஜ் கலீஃபா கட்டிடத்தில் 80ஆம் மாடிக்கு மேல் வசிப்பவர்கள் 2 நிமிடமும், 150ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடமும் தாமதித்து நோன்பு திறக்க வேண்டும் என்று 2011 ரமளானில் அங்குள்ள மார்க்க அறிஞர்கள் அறிவித்தது பலருக்கு நினைவிருக்கலாம். கட்டிடத்துக்கே அப்படியென்றால் விமானத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. விமானத்தில் நோன்புடன் இருப்பவர், தாம் இருக்கும் இடத்திலிருந்து சூரியன் மறைவதையே கணக்கில் கொள்ள வேண்டும் என்பதே அறிஞர்களின் பரவலான தீர்ப்பு. தரையில் சூரியன் மறைந்து நோன்பு திறந்துவிட்டு, பின் விமானமேறி மேலே சூரியனை மறுபடியும் கண்டால் அந்த நோன்புக்குக் குறையில்லை என்பதையும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது உம்மாவின் கேள்விக்கு வருகிறேன். நான் கடிகாரத்தைப் பார்த்து மஃக்ரிப் ஆகிவிட்டது என்று சொன்னபோது, இடப்பக்கத்தில் இறக்கிவிடப்பட்ட திரைகளுக்கு வெளியே சூரியன் இன்னும் இருந்தது. நாங்கள் ஜம்உ செய்து பின்னால் தொழுதோம் என்பதால் தொழுகைக்குப் பழுதில்லை. ஆனால் உம்மா கேட்டது நேரத்தை மட்டுமன்று. பொழுது எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் கேட்டார்கள். அதற்கு நான் பதிலே சொல்லவில்லை.

வரிசையைப் பற்றியும் ஒரு சொல். ‘ஏ’ என்று எழுத்து சரியாக இருந்தாலும், இறக்கைக்கு நேர் மேலே அமர்ந்தால் கீழே வெறும் தகரப் பரப்புத்தான் தெரியும். இறக்கைக்கு முன்னால் உள்ள வரிசைகள் சிறந்தவை. பின்வரிசைகளிலும் நன்றாகத் தெரியும். எஞ்சினிலிருந்து வரும் சூட்டுக் காற்றினால் காட்சி கொஞ்சம் கானல்போல நடுங்கும், அவ்வளவுதான். சில போயிங் 737 விமானங்களில் இறக்கைக்குச் சற்று முன்னால் ஓரிரு வரிசைகளுக்கு ஜன்னலே கிடையாது. குளிர்காற்றுக் குழாய் அந்த இடத்தில் சுவருக்குள் மேலேறுகிறது. ஜன்னலோரம் என்று காசு கொடுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். இருக்கையின் கோணமும் ஜன்னலின் இடமும் எல்லா வரிசையிலும் பொருந்துவதில்லை. ஆகவே உள்ளே போனதும் முகம் சுளிக்காமல் கொஞ்சம் குனிந்தோ நிமிர்ந்தோ பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வளைகுடாவை நெருங்கும் பகல் விமானமானால், ஓமனிலும் அமீரகத்திலும் நீளும் ஹஜர் மலைத்தொடரைத் தவறவிடாதீர்கள். ஒரு புல்கூட இல்லாத பழுப்புக் கற்களின் மடிப்பு. அதைத் தாண்டியதும் செம்மணல். அங்கிருந்து ஜித்தா போகும் வழியில் பாலைவனத்தின் நடுவே பச்சை வட்டங்கள் தெரியும். நடுவில் கிணறு, அதைச் சுற்றி வரும் நீண்ட தெளிப்புக் குழாய், குழாய் எட்டும் இடமெல்லாம் பயிர். பிள்ளைகள் அதை என்னவென்று கேட்பார்கள், பதிலைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னர் தாயிஃபை ஒட்டிய மலைகள். மீகாத் எல்லையான கர்னுல் மனாஸில், இன்று ஸைலுல் கபீர் என்று வழங்கும் இடம், அந்தப் பக்கத்தில்தான். எல்லை நெருங்குகிறது என்று விமானத்தில் அறிவிப்பார்கள். அதற்கு முன்பே இஹ்ராம் உடையுடன் தயாராக இருந்து நிய்யத் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் யாரும் காட்சி பார்த்துக்கொண்டிருப்பதில்லை, அது சரியும்கூட. தல்பியாவின் ஒலியில் விமானமே வேறு இடமாகிவிடும். ஜித்தாவின் ஓடுபாதைகள் வடக்குத் தெற்காகக் கிடக்கின்றன. தெற்கிலிருந்து வடக்கு நோக்கி இறங்கினால் செங்கடல் இடப்பக்கம், மறுபடியும் ‘ஏ’. ஹஜ் முனையத்தின் வெண்கூடாரக் கூரை, மொத்தம் 210 கூடாரங்கள், கண்ணில் பட்டால் பிள்ளைகளிடம் ஒரு செய்தி சொல்லலாம்: அதன் பொறியியலில் முக்கியப் பங்கு வங்காளத்தில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான் என்பவருடையது.

இவ்வளவு சொன்னபின் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஜன்னலோரத்தின் மேல் ஆசை வந்தவர்கள் செய்யும் காரியங்களையும் பார்த்திருக்கிறேன். தமக்கு உரியதல்லாத ஜன்னலோரத்தில் அமர்ந்துகொண்டு, உரியவர் வந்து நின்றதும், “வயசான பொம்பள, நீங்க கொஞ்சம் அங்க உக்காந்துக்குங்களேன்” என்று சொல்வது நம்மவர்களிடம் மிகுதி. ஒருவரை அவருடைய இடத்திலிருந்து எழுப்பிவிட்டு அங்கே அமர்வதை நபியவர்கள் (ஸல்) தடுத்திருக்கிறார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி. அவர் காசு கொடுத்து எடுத்த இடம். நம் தாயின் வயது அவருடைய உரிமையைப் பறிக்காது. கேட்கலாம், கேட்கும் தொனியிலேயே மறுக்கவும் இடம் விட்டுக் கேட்க வேண்டும். ஊரிலேயே முன்கூட்டி எடுத்துவைத்தால் அந்தச் சங்கடமே இல்லை.

பிள்ளைகள் விஷயத்திலும் அதே முறைதான். பெரியவர்களுக்குக் கொடு என்று பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து எழுப்புவதை நான் சொல்லவில்லை. நபியவர்களிடம் (ஸல்) பானம் கொண்டுவரப்பட்டபோது அவர்களின் வலப்பக்கத்தில் ஒரு சிறுவரும் இடப்பக்கத்தில் பெரியவர்களும் இருந்தார்கள். வலப்பக்கத்தாருக்கு முதலில் கொடுப்பதே முறை என்பதால், பெரியவர்களுக்குக் கொடுக்கட்டுமா என்று அந்தச் சிறுவரிடமே அனுமதி கேட்டார்கள். சிறுவர் விட்டுக்கொடுக்கவில்லை, அவரிடமே கொடுத்தார்கள். இதுவும் புகாரீயில் உள்ள செய்திதான். பிள்ளைக்கு ஜன்னலோரம் தருவதாகச் சொல்லியிருந்தால் அது அவனுடையது. அவனிடம் கேளுங்கள். போகும்போது பாட்டிக்கு, வரும்போது உனக்கு என்று பேசுங்கள். என் அனுபவத்தில் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட எளிதாக ஒப்புக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் ஐம்பது பயணம் இருக்கிறது என்பது அவர்களுக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது.

கழிவறை, முழங்கால் என்ற நியாயங்களுக்கு என் பதில் சுருக்கமானது. தாய் ஜன்னலோரம், மனைவி நடுவில், நீங்கள் நடைபாதையோரம். அவர்கள் எழ வேண்டும் என்று சொல்லும்போதெல்லாம் நீங்கள் இருவரும் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். நான்கு முறை எழ நேரலாம். ஆறு முறையும் நேரலாம். ‘நடைபாதையோரம் உம்மாவுக்கு வசதி’ என்று நான் சொன்னதில் என் வசதி எவ்வளவு கலந்திருந்தது என்பதைப் பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். அந்நிய ஆண் பக்கத்தில் அமர்ந்துவிடாதபடி பெண்களை உள்பக்கமாக அமர்த்தும் பேணுதலும் இந்த வரிசையில் தானாக நிறைவேறிவிடுகிறது. மூட்டுவலி மிகக் கடுமையாக இருப்பவர்கள், மருத்துவர் அடிக்கடி நடக்கச் சொன்னவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தாது. அவர்களிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள். நாம் கேட்பதில்லை. ‘எதுவானாலும் சரி’ என்று அவர்கள் சொல்வதைப் பதிலாக எடுத்துக்கொள்கிறோம். வாழ்நாள் முழுவதும் மீன் துண்டில் வால்பகுதியைத் தமக்கு எடுத்து வைத்துக்கொண்டவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

சென்ற ஆண்டு மாமியை உம்ராவுக்கு அழைத்துப்போனோம். அவர்களுக்கும் முதல் விமானம். இறக்கைக்கு முன்னால் ‘ஏ’ இருக்கையை ஒரு மாதத்துக்கு முன்பே எடுத்துவைத்தேன். பெரிய எதிர்பார்ப்போடு அழைத்துப்போய் அமர்த்தினேன். மாமி வாருக்குள் தம்மைக் கட்டிக்கொண்டு, பயண துஆவை ஓதி, விமானம் ஓடத் தொடங்கியதுமே கண்களை இறுக மூடிக்கொண்டார்கள். மேலே போனபின் திரையை இறக்கிவிட்டு நன்றாகத் தூங்கியும் விட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை போயிற்று; கடற்கரையின் வெள்ளைக் கோடு போயிற்று. எழுப்பலாமா என்று மனைவியைப் பார்த்தேன். விடுங்கள் என்று கைகாட்டினாள்.

ஒரு மணி நேரம் கழித்து மாமி தாமாகவே விழித்துத் திரையை உயர்த்தினார்கள். கீழே முழுதும் கடல். எங்கோ ஒரு கப்பல், அதன் பின்னால் நூல்போல வெண்ணிற வடு. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மாமி நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டார்கள். சாப்பாடு வந்தது, அவர்கள் திரும்பவில்லை. அடிவானம் ஆரஞ்சாகி, பின் கருஞ்சிவப்பாகி, அதற்கு மேல் ஒரு நீலம் வந்தது. எனக்கு உம்மாவின் நினைவு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கைப்பேசியைத் திறந்து எதையோ பார்க்கத் தொடங்கினேன்.

மாமி திரும்பாமலே சொன்னார்கள்: “அந்த போனைக் கொஞ்சம் அணைச்சு வைங்க மாப்பிள. வெளிச்சம் கண்ணாடியில விழுது. வெளிய ஒண்ணும் தெரியல.”